டேம்பர்மங்கியும் அதன் முகவரி விதிகளும்

உலாவியில் நாமே எழுதிய ஸ்கிரிப்டுகளை, அதாவது சிறு நிரல்களை, ஓடவிடும் கூடுதல் வசதியான டேம்பர்மங்கி நீட்சியை மதிப்பிட நான் எடுத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான்: ஒரு ஸ்கிரிப்ட் எந்தப் பக்கத்தில் ஓட வேண்டும், எதில் ஓடவே கூடாது என்பதை அது எவ்வளவு துல்லியமாகத் தீர்மானிக்கிறது? பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் சோதனைப் பிரிவில் பணிபுரியும் எங்களைப் போன்றோருக்கு இதைவிட முக்கியமான கேள்வி இல்லை. சோதனைத் தளமும் வாடிக்கையாளர் புழங்கும் தளமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்க, படிவங்களில் போலித் தரவை நிரப்பும் ஸ்கிரிப்ட் முதலாவதில் மட்டுமே ஓட வேண்டும்.

இதற்கு ஸ்கிரிப்டின் தலைப்பகுதியில் எழுதும் ‘@மேட்ச்’ வரியே ஏற்றது. அது முகவரியை நெறிமுறை (எச்டிடிபி போன்ற தொடக்கம்), ஹோஸ்ட் (தளத்தின் பெயர்), பாதை (அதன்பின் சாய்கோட்டிலிருந்து வருவது) எனப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே ஒப்பிடுகிறது. ‘*://*.எடுத்துக்காட்டு.இந்தியா/*’ என்று எழுதினால், முதல் நட்சத்திரக் குறி எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் இரண்டையும் ஏற்கும். கடைசிக் குறி பாதையோடு, கேள்விக்குறிக்குப் பின் வரும் பகுதியையும் ஏற்கும். நடுவில் உள்ள குறியில்தான் கவனம் தேவை. அது தளப்பெயருக்கு முன் வேறொரு சொல்லும் புள்ளியும் சேர்ந்த துணை டொமைன்களை மட்டுமன்றி, முன்னொட்டு எதுவும் இல்லாத மூல டொமைனையும் ஏற்றுக்கொள்கிறது. சோதனைத் தளம் துணை டொமைனிலும் உண்மைத் தளம் மூல டொமைனிலும் இருக்கும் நிறுவனத்தில் இந்த விதி இரண்டிலும் ஸ்கிரிப்டை ஓடவிடும் என்பதால், சோதனைத் தளத்தின் ஹோஸ்ட் பெயரை நட்சத்திரமின்றி முழுமையாக எழுதுவதே பாதுகாப்பு. கூடுதல் காப்பாக உண்மைத் தளத்தை ‘@எக்ஸ்க்ளூட்’ வரியில் சேர்க்கலாம்; மற்ற வரிகள் அனுமதித்தாலும் இதன் தடையே செல்லும்.

இவ்வகை நீட்சிகளின் முன்னோடியான கிரீஸ்மங்கி காலத்திலிருந்து தொடரும் ‘@இன்க்ளூட்’ வரியைப் பழைய ஸ்கிரிப்டுகளில் இன்றும் காணலாம். அதில் நட்சத்திரக் குறி முகவரியின் எந்தப் பகுதிக்கும் பொருந்துவதால், ‘*எடுத்துக்காட்டு.இந்தியா*’ என்னும் விதி, அந்தப் பெயரைக் கேள்விக்குறிக்குப் பின் சுமந்து வரும் முற்றிலும் வேறொரு தளத்திலும் செல்லுபடியாகும். சாய்கோடுகளுக்கிடையே ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளின் அமைப்பைக் குறிகளால் விவரிக்கும் கோவை) எழுதவும் இவ்வரி இடம் தருகிறது. ஆனால் முகவரியின் தொடக்கத்தைச் சுட்டும் ‘^’ குறியை விட்டுவிட்டாலோ, புள்ளிக்கு முன் பின்சாய்கோடு இடத் தவறினாலோ அதே ஆபத்து திரும்பிவிடும். பாதையில் எண்கள் மட்டும் வரும் பக்கங்களைப் பிரித்தறிவது போன்ற தேவைக்கன்றி இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான் பெரிதும் மதிக்கும் வசதி வேறொன்று. பிறர் எழுதிய ஸ்கிரிப்டின் நிரலைத் தொடாமலே, அமைப்புகள் பக்கத்தில் அதன் விதிகளை விலக்கிவிட்டு நம் விதிகளைச் சேர்க்கலாம். பொதுவில் கிடைக்கும் ஸ்கிரிப்டுகளைக் குழுவாகப் பயன்படுத்தும் அலுவலகங்களுக்கு இது பேருதவி.

குறை என்று சொன்னால், முகவரியில் ‘#’ குறிக்குப் பின் வரும் பகுதியை இவ்விதிகளால் ஒப்பிட முடியாது. பக்கம் மீண்டும் ஏற்றப்படாமல் முகவரி மட்டும் மாறும் இன்றைய இணையச் செயலிகளில், தொடக்க முகவரி விதிக்குப் பொருந்தாவிட்டால் பிறகு எங்கு சென்றாலும் ஸ்கிரிப்ட் விழிப்பதில்லை. விதியைச் சற்று அகலமாக வைத்து, முகவரி மாற்றத்தை அறிவிக்கும் நிகழ்வை டேம்பர்மங்கியிடம் கேட்டுப் பெற்று, நிரலுக்குள்ளேயே சோதிக்க வேண்டியிருக்கிறது. தொடக்கநிலையாளருக்கு இது எளிதன்று.

குரோமில் 138ஆம் பதிப்பு முதல், நீட்சியின் விவரப் பக்கத்தில் பயனர் ஸ்கிரிப்டுகளுக்கான அனுமதியைத் தனியே இயக்கினால்தான் எந்த விதியும் வேலை செய்யும். டேம்பர்மங்கி இலவசமே என்றாலும் அதன் இன்றைய மூல நிரல் திறந்ததன்று. அதைத் தடையாகக் கருதுவோர் ஃபயர்பாக்ஸில் இதே வேலையைச் செய்யும் திறந்த நிரல் நீட்சியான வயலன்ட்மங்கியை நிறுவி, ‘@மேட்ச்’ வரிகளை அப்படியே அங்கு கொண்டுசெல்லலாம்.