கார்பன் அம்பில் பழைய வேன் உரிக்கும் ஸ்ட்ரிப்பர்: என் அனுபவம்

12 அம்பு, ஒவ்வொன்றிலும் 3 வேன் (vane, அம்பு நேராகப் பறக்க அதன் வால்பக்கம் ஒட்டும் பிளாஸ்டிக் இறகு), ஆக 36. போன வருடம் வரை இத்தனையையும் பேனாக்கத்தியால்தான் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கத்தி கொஞ்சம் சாய்ந்துவிட்டது, நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு ஷாஃப்டில், அதாவது அம்பின் தண்டில், ஒரு கீறல். கார்பனில் நார் அறுபட்டிருந்தால் விடும்போதே அம்பு உடைந்து சிம்பு கையில் ஏறலாம் என்பதால் மனசில்லாமல் அதைத் தூக்கிப் போட்டேன். அந்த எரிச்சலில் வாங்கியதுதான் இந்த ஸ்ட்ரிப்பர்.

பார்க்கக் காய்கறித் தோல் சீவும் பீலர் மாதிரி இருக்கும். பிளாஸ்டிக் கைப்பிடி, முனையில் ஒரு மழுங்கல் தகடு. மழுங்கலாக இருப்பதுதான் விஷயமே. வேனின் அடியில் கொடுத்துத் தள்ளினால் சர்ரென்று முழுசாக உரிந்து வருகிறது, ஷாஃப்டில் கோடு விழுவதில்லை. ஆனால் எனக்கு வந்த தகட்டின் ஓரத்தில் சின்னப் பிசிறு இருந்தது, நைஸ் உப்புத்தாளில் நாலு தேய் தேய்த்த பிறகுதான் நம்பி வைத்தேன். இதைச் செய்து அனுப்ப வேண்டியது அவர்கள் வேலை.

அப்புறம், பசை. இந்தக் கருவி வேனை எடுக்கும், பசையை முக்கால்வாசிதான் எடுக்கும். கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய கோடு மிச்சம் நிற்கும், அதன்மேல் தகடு வழுக்கிக்கொண்டே போகும். சூப்பர் க்ளூ வகைப் பசை என்றால் அசிட்டோனைத் துணியில் நனைத்து ஒற்றி, இளகியதும் துடைத்துவிடலாம். ஊறப்போடக் கூடாது, கார்பன் நாரைப் பிணைத்திருக்கும் ரெசினுக்கு நல்லதில்லை. அம்பின் பின்முனையில் வில்நாணில் மாட்டும் பிளாஸ்டிக் துண்டான நாக்கை (nock) முதலிலேயே கழற்றிவிடுங்கள். நான் கழற்றாமல் துடைத்து, ஒரு நாக் வெளுத்து விரிசல் விட்டது. நெயில் பாலிஷ் ரிமூவரும் அதுதானே என்று எடுக்காதீர்கள், பலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும், புது வேன் ஒட்டாது. லைட்டர் சூடு காட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

ஷாஃப்டில் ராப் (wrap, வேனுக்கு அடியில் சுற்றி ஒட்டும் மெல்லிய ஸ்டிக்கர்) ஒட்டியிருந்தால் இந்தக் கருவி அதைத் துண்டு துண்டாகக் கிழித்து வைக்கும். அதற்கு வெந்நீரில் கொஞ்ச நேரம் காட்டிக் கையால் உரிப்பதே மேல்.

துடைத்து முடித்ததும் ஷாஃப்டின்மேல் தண்ணீர் விட்டுப் பார்ப்பேன். முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் பிசுக்கு இருக்கிறது, படலமாகப் பரவினால் சரி. கடைசியாக லேசாக வளைத்துக் காதோடு வைத்துக் கேட்பேன், நறநற சத்தம் வந்தால் அந்த அம்பு குப்பைக்கு.

வருடத்துக்கு நாலைந்து வேன் மாற்றுகிறவர்களுக்கு இது வேண்டாம், பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பே போதும். டஜன் கணக்கில் மாற்றினால் வாங்குங்கள்.