கோல்டன் ஸ்பைக் கோபுரம்: சரக்கு ரயில் பார்க்கப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஒமாஹாவிலிருந்து மேற்கே ஏறத்தாழ நான்கு மணி நேரக் கார்ப் பயணத்தில் வரும் நார்த் பிளாட் நகரில், சரக்கு ரயில்களைப் பார்ப்பதற்கென்றே எட்டு மாடி உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி 2008-இல் திறந்திருக்கிறார்கள். கோல்டன் ஸ்பைக் கோபுரம் என்ற பெயரைக் கேட்டு, 1869-இல் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த இருப்புப்பாதைகளை இணைத்துப் பொன் ஆணி அடித்த இடம் இதுதான் என்று எண்ணிவிட வேண்டாம். அது மேற்கே வயோமிங் மாநிலத்தையும் தாண்டி யூட்டா மாநிலத்தில் இருக்கிறது. இங்கே கோபுரத்தின் காலடியில் விரிந்து கிடப்பது யூனியன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் பெய்லி யார்டு, அதாவது சரக்கு வேகன்களைப் போகும் ஊர்வாரியாகப் பிரித்துச் சேர்க்கும் இடம். எட்டு மைல் நீளமும் 2,850 ஏக்கர் பரப்பும் கொண்ட இது, உலகிலேயே பெரிய ரயில் யார்டு என்று கின்னஸ் பதிவில் இடம்பெற்றது.

டென்வருக்குப் போகும் வழியில் ஒரு மணி நேரம் நின்று பார்க்கலாம் என்று ஏறிய நான், மூன்றரை மணி நேரம் கழித்துத்தான் இறங்கினேன். ஏழாம் தளம் திறந்தவெளி, எட்டாம் தளம் கண்ணாடி அடைத்தது. சத்தம் கேட்க வேண்டுமானால் ஏழாம் தளமே சரி. வந்து சேரும் ரயிலின் வேகன்களை ஒரு செயற்கை மேட்டின்மேல் மெதுவாகத் தள்ளிச் சென்று, உச்சியில் ஒவ்வொன்றாகக் கழற்றி விடுகிறார்கள். என்ஜின் துணையின்றித் தன் எடையாலேயே உருண்டு இறங்கும் வேகன், அது போக வேண்டிய ஊருக்கான தண்டவாளத்தில் போய், அங்கே காத்திருக்கும் வேகன்களோடு சேர்ந்துகொள்கிறது. கிழக்கு நோக்கிய வேகன்களுக்கான மேடு 34 அடி உயரம், மேற்குக்கானது 20 அடி. இறங்கும் வேகம் கட்டுமீறாமல் இருக்க, தண்டவாளத்தின் இருபுறமும் உள்ள இரும்புப் பட்டைகள் சக்கரங்களைக் கவ்விப் பிடிக்கும்போது எழும் கிறீச்சொலி, சாணைக்கல்லில் அரிவாள் தீட்டுவதைப் பல மடங்கு பெருக்கியது போல இருக்கிறது.

ஆனால் எனக்குச் சிறு வயதிலிருந்தே வேகன்களைவிட அவற்றை ஓட்டிப் போகிறவர்கள்மீதுதான் ஆர்வம். எங்கே சாப்பிடுகிறார்கள், எப்போது தூங்குகிறார்கள், நடுக்காட்டில் வண்டி நின்றால் என்ன செய்கிறார்கள் என்ற கேள்விகளுக்குக் கோபுரத்தின் உயரம் விடை தராது. அங்கிருந்து பார்த்தால் மனிதர்கள் புள்ளிகள்தாம். விடை தருபவர்கள் எட்டாம் தளத்தில் இருக்கும் தன்னார்வலர்கள். இவர்களில் பலர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். என் மதிப்பீட்டில் நுழைவுக் கட்டணத்தின் முக்கால் பங்கு இவர்களோடு பேசுவதற்குத்தான்.

அங்கே ரயில் ஓட்டுநருக்கு 'என்ஜினியர்' என்று பெயர். கூட வருபவர் 'கண்டக்டர்'. டிக்கெட் கொடுக்காத இந்தக் கண்டக்டர்தான் வண்டியின் ஆவணங்களுக்கும், வேகன்களைச் சேர்ப்பதற்கும் பிரிப்பதற்கும் பொறுப்பு. மூன்று கிலோமீட்டரை நெருங்கும் ரயிலுக்கு இந்த இருவர் மட்டுமே. வழியில் அவசர பிரேக் தானாகப் பிடித்துக்கொண்டால், கண்டக்டர் இறங்கி, பனியோ இருட்டோ, சரளைக்கல் மேல் நடந்தே போய்ப் பழுதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு ரயிலில் ஆள் ஒருவர் போதுமா, இருவர் வேண்டுமா என்பது அங்கே நீண்ட காலச் சர்ச்சை; பெரும்பாலான ரயில்களில் இருவர் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் ரயில் நிர்வாகம் விதி வகுத்ததே 2024-இல்தான்.

இவர்களில் பலருக்கு நிலையான வேலை நேரம் கிடையாது. பணிக்கு அழைப்பதற்கான வரிசைப் பட்டியலில் பெயர் மேலே ஏற ஏற, தொலைபேசி எப்போது ஒலிக்கும் என்று காத்திருக்க வேண்டும். அழைப்பு வந்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள் பணியில் நிற்க வேண்டும். நார்த் பிளாட்டில் ஏறியவர்கள் மேற்கே வயோமிங்கின் ஷயான் வரை ஓட்டிப் போய், அங்கே ஓய்வெடுத்து, வேறொரு ரயிலில் திரும்புவார்கள். சட்டப்படி 12 மணி நேரத்துக்கு மேல் ரயிலை இயக்கக் கூடாது. எதிரே வரும் வண்டிக்கு வழிவிட்டுக் காத்திருந்தே அந்த நேரம் தீர்ந்துபோவதும் உண்டு. அப்போது வண்டி எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்க, மாற்று ஆட்கள் வேனில் வந்து ஏறுகிறார்கள். பிறகு குறைந்தது 10 மணி நேரம் தொடர் ஓய்வு, அதன் நடுவே தொலைபேசி அழைப்பும் கூடாது என்பது 2008-ஆம் ஆண்டுச் சட்டம். ஓட்டுநர் சிறிது நேரம் எந்தக் கருவியையும் தொடாமல் இருந்தால் எச்சரிக்கை மணி அடிக்கும். அதற்கும் பதில் இல்லையென்றால் ரயில் தானே பிரேக் போட்டுக்கொள்ளும்.

கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு கையசைப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அமெரிக்க ரயிலின் வால் வெறுமையாகத் தோன்றும். அங்கே கார்டு பெட்டிகளை 1980-களிலேயே கழற்றத் தொடங்கிவிட்டார்கள். இப்போது கடைசி வேகனின் கொக்கியில் ஒரு சிறு கருவி தொங்குகிறது. பிரேக் குழாயின் காற்றழுத்தத்தை ரேடியோ வழியாக முன்னால் இருக்கும் என்ஜினுக்குச் சொல்லிக்கொண்டே வருகிறது.

போகிறவர்கள் தொலைநோக்கி எடுத்துச் செல்லுங்கள். குளிர்காலமானால் ஏழாம் தளத்துக் காற்றைத் தாங்கும் உடையும் வேண்டும். குழந்தைகளுக்கு அரை மணி நேரத்தில் அலுத்துவிடலாம். மாலை வெயில் மேற்குப் பக்கத்திலிருந்து கண்ணில் அடிக்கும் என்பதால் காலையில் போவது நல்லது. நான் இறங்குவதற்குச் சற்று முன், நின்றுகொண்டிருந்த நிலக்கரி ரயில் ஒன்றின் பக்கத்தில் வெள்ளை வேன் வந்து நின்றது. பையும் சாப்பாட்டுப் பெட்டியுமாக இருவர் இறங்கி என்ஜினில் ஏறினார்கள். அதிலிருந்து இறங்கிய வேறு இருவர் அதே வேனில் ஏறிப் போனார்கள்.