கரும்பா, ஓக் மரமா? சிங்கப்பூர் மண்ணுக்கு எது ஒத்துவரும்

இங்குள்ள வெயிலும் மழையும் கரும்புக்கு நன்றாகவே ஒத்துவரும். இரண்டு மூன்று பருக்கள் (கணுவில் உள்ள முளைமொட்டுகள்) உள்ள கரணையை, அதாவது நடுவதற்கு வெட்டிய தண்டுத் துண்டை, பருக்கள் பக்கவாட்டில் இருக்கும்படி படுக்கவைத்து, 5 செ.மீ. மண் மூடினால் போதும். 10 முதல் 12 மாதத்தில் வெட்டலாம். தரைமட்டத்தில் வெட்டினால் அதே கட்டையிலிருந்து மறுதாம்பு, அதாவது மறுபயிர், கிளம்பும். நீர் தேங்கினால் வேர் அழுகும். தொட்டித் தட்டில் தேங்கினாலோ ஏடிஸ் கொசு! தண்டைப் பிளக்கும்போது உள்ளே சிவந்து, குறுக்கே வெள்ளைத் திட்டுகளோடு புளித்த வாடை அடித்தால் அது செவ்வழுகல் நோய். அதிலிருந்து கரணை எடுக்கவே கூடாது. வெட்டிய கரும்பில் சர்க்கரை குறைந்துகொண்டே போகும், ஆகவே சாறு பிழிய அன்றன்றைக்கு வெட்டுங்கள்.

குளிர்நாட்டு ஓக் இனங்கள் பல பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்குபவை. அந்தக் குளிர் இங்கே ஏது? விதையும் காய்ந்தால் முளைக்காது. பாட்டில் தக்கை தரும் தக்கை ஓக்கில் முதல் பட்டை உரிக்கவே சுமார் 25 ஆண்டுகள், பிறகு 9 ஆண்டுக்கு ஒருமுறை. பீப்பாய்க்கு வெள்ளை ஓக்தான்: அதன் நீர் கடத்தும் நாளங்கள் அடைபட்டிருப்பதால் கசியாது, சிவப்பு ஓக் கசியும்.

ஓக் குடும்பத்து மரம்தான் வேண்டுமென்றால், புக்கிட் தீமா காட்டில் அதன் உறவான லித்தோகார்ப்பஸ் நிற்கிறது.