எச்டி 25-ஆ, எக்ஸ்10-ஆ? டிஜே ஹெட்போனை எப்படி எடைபோடுவது

டிஜே ஹெட்போன் வாங்கப் போகிறவர்கள் கடையில் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். போனில் பிடித்த பாட்டைப் போட்டு, கண்ணை மூடி அரை நிமிடம் கேட்டு, "பேஸ் செமையா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பணத்தை எடுக்கிறார்கள். அமைதியான அறையில் ஓரளவு விலையுள்ள எந்த ஹெட்போனும் நன்றாகத்தான் கேட்கும். மேடையில் கதையே வேறு. கைக்கெட்டும் தூரத்தில் மானிட்டர் ஸ்பீக்கர் அலறும், கீழே சப்வூஃபர் நெஞ்சை உலுக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அடுத்த பாட்டின் கிக் (பெரிய டிரம்மின் அடி) எங்கே விழுகிறது என்பதை ஒரு காதால் பிடிக்க வேண்டும். அங்கே கேட்காத ஹெட்போன் எவ்வளவு இனிமையாக இருந்தும் பயனில்லை.

இந்தக் கணக்கில் அடிக்கடி எதிரெதிரே நிறுத்தப்படும் இரண்டைப் பார்க்கலாம். சென்ஹைசர் எச்டி 25 வந்தது 1988-ல். ஒலிபரப்பு, வெளிப்புற ஒலிப்பதிவு போன்ற வேலைகளுக்காகச் செய்தது. டிஜேக்கள் பிற்பாடு அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். பயனியர் டிஜே எச்டிஜே-எக்ஸ்10, 2017-ல் டிஜேக்களுக்கென்றே வந்தது. முன்னது காதின் மேல் உட்காரும்; பின்னது காதைச் சுற்றி மூடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கிறது.

முதலில் சவுண்டு. கிக் டிரம்மின் கனம் 50 முதல் 100 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். மேடையில் அந்தப் பகுதியை சப்வூஃபர் ஏற்கெனவே உடம்பு முழுக்க ஊட்டிக்கொண்டிருப்பதால், ஹெட்போனிலிருந்து வரும் பேஸ் அதற்குள் மூழ்கிப்போகும். தாளத்தைப் பொருத்த நமக்கு உதவுவது, கிக் அடி விழும் கணத்தில் வரும் 'டக்'கும் அதற்கு மேலே ஓடும் ஹை-ஹேட் சிம்பலின் ஓசையும். இவை ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் இருப்பவை. எச்டி 25 சரியாக இந்த இடத்தைத்தான் முன்னால் தள்ளிக் கொடுக்கிறது. வீட்டில் உட்கார்ந்து பாட்டு ரசிக்க எடுத்தால் கொஞ்சம் குறுகலாக, கொஞ்சம் கூராகப் படும். மேடையில் அந்தக் கூர்மைதான் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு காதுக்கு வரும்.

எக்ஸ்10 விசாலமானது. 50 மில்லிமீட்டர் டிரைவர், அடி பேஸ் தாராளம், ட்ரெபிள் உறுத்தாது. புதுப் பாட்டுகளைத் தேர்ந்தெடுக்க, வீட்டில் மிக்ஸ் தயாரிக்க, இரண்டு பாட்டின் பேஸ் மோதுகிறதா என்று பார்க்க, எனக்கு இதுதான் பிடிக்கும். அட்டைப் பெட்டியில் 5 ஹெர்ட்ஸிலிருந்து 40,000 ஹெர்ட்ஸ் வரை என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். மனிதக் காதுக்கு எட்டுவது சுமார் 20-லிருந்து 20,000 வரைதான், அதுவும் இளவயதில்.

நம் ஊர் டிஜேக்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. 80களின் தமிழ்ப் பாட்டுகள் பெரும்பாலும் வாத்தியக்காரர்கள் நேரில் வாசித்துப் பதிவானவை. டெம்போ ஒரே இடத்தில் நிற்காமல் லேசாக அலையும். சாப்ட்வேர் போட்டுத்தரும் பீட் கிரிட் (தாள அடிகளைக் குறிக்கும் கோடுகள்) பல்லவி முடிவதற்குள் விலகிவிடும். அப்புறம் டெக்கில் இருக்கும் ஜாக் வீல் என்ற வட்டத்தைக் கையால் தள்ளித்தான் சரிசெய்ய வேண்டும். அப்போது தபலாவின் விரல் அடி தனியாகப் பிரிந்து கேட்டாக வேண்டும். கல்யாண வரவேற்பில் இப்படி ஒரு பாட்டை இன்றைய டான்ஸ் பாட்டோடு சேர்ப்பவருக்கு எச்டி 25 கொடுக்கும் தெளிவு பெரிய வசதி. எக்ஸ்10-லும் முடியும்; ஆனால் வால்யூமை இன்னும் கொஞ்சம் ஏற்றச் சொல்லும்.

அந்தக் 'கொஞ்சம்' சாதாரணமல்ல. அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். அதனால் நான் ஹெட்போனைச் சோதிப்பது இப்படி: ஸ்பீக்கரில் ஒரு பாட்டை நன்றாக உரக்க ஓடவிட்டு, க்யூவில் (கூட்டத்துக்குக் கேட்காமல் ஹெட்போனில் மட்டும் வரும் வழி) வேறொன்றைப் போட்டு, ஹெட்போன் குமிழை மெல்ல ஏற்றி, ஹை-ஹேட் பிரிந்து கேட்கும் இடத்தில் நிறுத்துவது. பிறகு ஸ்பீக்கரைச் சட்டென்று அணைப்பது. மிச்சமிருக்கும் ஹெட்போன் சத்தம் அப்போது எவ்வளவு உரக்க இருக்கிறதோ, அவ்வளவையும்தான் நிகழ்ச்சி முழுக்க உங்கள் காது வாங்கப்போகிறது. குமிழ் எந்த எண்ணில் நிற்கிறது என்பதை வைத்து ஒப்பிடாதீர்கள். எச்டி 25-ன் மின்தடை 70 ஓம், எக்ஸ்10-க்கு 32. ஒரே இடத்தில் வைத்தாலும் இரண்டும் ஒரே அளவு கத்தாது.

சரி, சுகம். எச்டி 25 கேபிள் இல்லாமல் சுமார் 140 கிராம். எக்ஸ்10, 328 கிராம். எடையைப் பார்த்தால் முன்னதுதான் சுகம் என்று தோன்றும். ஆனால் எச்டி 25 காது மடலை நேராக அழுத்துகிறது, அதுவும் இறுக்கமாக. வெளிச்சத்தம் உள்ளே வராமல் இருப்பதற்கு அந்த இறுக்கம்தான் காரணம் என்பதால் அதைக் குறையென்று ஒதுக்கவும் முடியாது. தலைப்பட்டை இரண்டாகப் பிரியும். அகலமாக விரித்து வைத்தால் உச்சந்தலையில் பாரம் தெரியாது. மடல் வலி மட்டும் போகாது. மூக்குக் கண்ணாடி போடுபவர்களுக்கு இன்னும் கஷ்டம்: கண்ணாடிக் காம்பு மெத்தைக்கும் மண்டைக்கும் நடுவில் மாட்டி, காதுக்குப் பின்னால் கோடு விழும். எக்ஸ்10-ல் அந்த வலி இல்லை. ஆனால் காம்பு நுழையும் இடத்தில் சிறு இடைவெளி விழுந்து பேஸ் கசியும். வலியோடு ஒப்பிட்டால் பேஸ் போனால் போகட்டும் என்பேன்.

வியர்வை விஷயத்தில் எக்ஸ்10 கொஞ்சம் சிக்கல். மெத்தைக்கு நானோ கோட்டிங் கொடுத்திருக்கிறார்கள், துடைத்தால் அழுக்கு போய்விடும். ஆனாலும் மே மாதம், திறந்தவெளி மேடை, காதை முழுக்க மூடும் செயற்கைத் தோல் மெத்தை என்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

டிஜே ஹெட்போனை நாலு மணி நேரம் தொடர்ந்து மாட்டிக்கொண்டு நிற்பதில்லை. க்யூ பார்க்கும் ஒரு நிமிடம் காதில், மீதி நேரம் கழுத்தில். மாட்டுவது, கழற்றுவது, ஒரு பக்கத்தைத் தள்ளிவிட்டுத் தோளால் தாங்குவது என்று நிகழ்ச்சி முழுக்க இதுவே வேலை. இதில் எச்டி 25-ஐ மிஞ்ச ஆளில்லை: ஒரு பக்கக் காப்ஸ்யூலை (காதில் உட்காரும் பகுதி) மட்டும் பின்னால் திருப்பிவிடலாம், மற்றது அசையாமல் நிற்கும், கழுத்தில் கிடப்பதே தெரியாது. எக்ஸ்10-ம் நன்றாகத் திரும்பும், மடங்கும். ஆனால் பாதி கழற்றிய நிலையில் அதன் எடை கீழே இழுக்கும், கழுத்தில் போட்டுக்கொண்டு மிக்சர் மேல் குனிந்தால் தாடையில் இடிக்கும்.

உதிரிபாகத்திலும் எச்டி 25 முன்னால் நிற்கிறது. ஏறக்குறைய எல்லாப் பாகமும் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே மாற்றலாம். எக்ஸ்10-ன் கேபிள் மினி எக்ஸ்எல்ஆர் முனையில் பூட்டிக்கொள்ளும். சுருள், நேர் என இரண்டு கேபிள் கூடவே வருகின்றன.

ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்டுடியோவுக்குச் செய்தது, காது மூடும் கிண்ணம் 90 பாகை திரும்பும், கற்றுக்கொள்ளும் காலத்துக்குத் தாராளமாகப் போதும். சாதாரண புளூடூத் ஹெட்போன் மட்டும் வேண்டாம். 120 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 120 பீட்டில், ஒரு பீட்டுக்கு அரை விநாடி. அதில் கால் பங்குக்கு மேல் தாமதமாக வரும் சத்தத்தை வைத்துத் தாளம் சேர்க்க முடியாது.

என்னைக் கேட்டால், மேடைதான் பிழைப்பு என்பவருக்கு எச்டி 25. கண்ணாடி போடுபவர், வீட்டில் மணிக்கணக்கில் மிக்ஸ் செய்பவர், கூடுதல் விலை கொடுக்கத் தயங்காதவர் எக்ஸ்10 பக்கம் போகலாம். எச்டி 25 எடுப்பவர்கள் பணத்தை மிச்சப்படுத்த லைட் மாடலுக்கு இறங்க வேண்டாம். பிரியும் பட்டையும் திரும்பும் காப்ஸ்யூலும் அதில் கிடையாது. கூடுதல் வெல்வெட் மெத்தையும் சுருள் கேபிளும் வேண்டுமென்றால் பிளஸ் இருக்கிறது. எதுவானாலும் பில்லும் வாரன்டியும் கொடுக்கும் அங்கீகரித்த கடையில் எடுங்கள். எச்டி 25-க்குப் போலிகள் நிறைய உலவுகின்றன. வெளித்தோற்றத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.