கேமும் ஸ்ட்ரீமும் ஒரே கணினியில்: ஃப்ரேம் லிமிட் போட்ட என்வென்க்கா, சிபியு என்கோடிங்கா, இரண்டாவது பிசியா?

என் ஸ்ட்ரீமைப் பார்ப்பவர்கள் பல வாரமாகச் சொன்ன குறை ஒன்றுதான்: படம் திக்கித் திக்கி ஓடுகிறது. என் மானிட்டரில் கேம் 75, 80 எஃப்பிஎஸ்ஸில் (நொடிக்கு அத்தனை படம், அதாவது ஃப்ரேம்) அழகாக ஓடிக்கொண்டிருக்கும், பதிவைத் திரும்பப் போட்டுப் பார்த்தால் அவர்கள் சொன்னது உண்மை. என்னிடம் இருப்பது ரைசன் 5 5600 சிபியு, ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ராம். இதில் ஸ்ட்ரீம் செய்ய முடியாது என்று சொல்ல யாராலும் முடியாது. அதனால் எதை மாற்றுவது என்று மூன்று வழிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்: கேமின் ஃப்ரேமுக்கு எல்லை வைத்துவிட்டு, வீடியோவைச் சுருக்கும் வேலையை (என்கோடிங்) கார்டிலேயே இருக்கும் என்விடியாவின் என்வென்க்கிடம் விடுவது, அந்த வேலையைச் சிபியுவுக்கு மாற்றுவது, ஸ்ட்ரீமுக்கென்றே இரண்டாவது பிசி வைப்பது. கடைசியில் காசு செலவில்லாத வழியில்தான் நின்றேன். நான் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

துப்பு கிடைத்தது எல்டன் ரிங்கில். அதை ஸ்ட்ரீம் செய்தால் ஒரு திக்கலும் இல்லை, சைபர்பங்க் 2077 போட்டால் மட்டும் திக்கல். இரண்டுக்கும் ஓபிஎஸ் (ஸ்ட்ரீம் செய்யும் மென்பொருள்) செட்டிங் ஒன்றுதான், இன்டர்நெட்டும் ஒன்றுதான். வித்தியாசம் என்னவென்றால் எல்டன் ரிங் தானாகவே 60 எஃப்பிஎஸ்ஸில் நின்றுவிடும். சைபர்பங்க்குக்கு அப்படி எல்லை இல்லை, கார்டு எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவையும் எடுத்துக்கொள்ளும், டாஸ்க் மேனேஜரில் 99 சதவீதம் காட்டும்.

இங்கே ஒரு விஷயம் புரிந்தால் மற்றதெல்லாம் எளிது. ஓபிஎஸ்ஸின் ஸ்டாட்ஸ் பலகையைத் திறந்தால் மூன்று வகை இழப்பு தனித்தனியாகத் தெரியும். நெட்வொர்க்கில் விடுபட்ட ஃப்ரேம் என்றால் உங்கள் அப்லோடு பிரச்சினை. என்கோடிங் லேக் என்றால் என்கோடரால் ஈடுகொடுக்க முடியவில்லை. ரெண்டரிங் லேக் என்றால், ஓபிஎஸ் தன் காட்சியை வரைவதற்கே கிராஃபிக்ஸ் கார்டில் நேரம் கிடைக்கவில்லை. எனக்கு முதல் இரண்டும் சுழியம், மூன்றாவதுதான் ஏறிக்கொண்டே போனது. கேம் படம், வெப்கேம், அலர்ட், சாட் பெட்டி எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கும் வேலையை ஓபிஎஸ் செய்வது கார்டில்தான். 60 எஃப்பிஎஸ் ஸ்ட்ரீம் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் 16.6 மில்லிசெகண்ட்தான் அவகாசம், அதற்குள் கேம் கார்டை விட்டுக்கொடுக்கவில்லை என்றால் அந்தப் படம் போச்சு.

இதைத்தான் நிறைய பேர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள், நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். கார்டு நிரம்பி வழிகிறது, என்வென்க்கும் கார்டில் இருக்கிறது, அப்படியென்றால் என்கோடிங்கைச் சிபியுவுக்கு மாற்றினால் சுமை குறையும் என்று தோன்றும். குறையாது. என்வென்க் கார்டில் இருந்தாலும் கேமை வரையும் பகுதியைச் சேர்ந்ததல்ல, அது தனிச் சில்லுப் பகுதி. டாஸ்க் மேனேஜரில் 3டி ஒரு வரைபடமாகவும் வீடியோ என்கோட் இன்னொரு வரைபடமாகவும் தனித்தனியாகத் தெரிவதைப் பார்க்கலாம். சிபியுவில் ஓடும் என்கோடரான எக்ஸ்264க்கு மாறினாலும் படத்தை அடுக்கும் வேலை கார்டிலேயேதான் நடக்கும், அதோடு வரைந்து முடித்த ஒவ்வொரு ஃப்ரேமையும் கார்டின் நினைவகத்திலிருந்து ராமுக்கு நகலெடுக்கும் வேலையும் சேர்ந்துகொள்ளும். 2019இல் வந்த ஓபிஎஸ் 23இலிருந்து என்வென்க்குக்கு அந்த நகல் வேலைகூடத் தேவையில்லை, படம் கார்டுக்குள்ளேயே இருந்து என்கோட் ஆகிவிடுகிறது.

சரி, எக்ஸ்264ஐயும் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். ஆறு கோர் சிபியுவில் 1080பி 60க்கு வெரிஃபாஸ்ட் என்ற வேகமான, தரம் குறைந்த படியைத் தாண்டவே முடியவில்லை. அதைவிட மெதுவான, தரம் கூடிய படியில் வைத்தால் கேம் தடுமாறியது. வாலரன்ட் போன்ற, சிபியுவையே நம்பியிருக்கும் கேம்களில் இது இன்னும் மோசம், கார்டில் இடம் இருக்கும்போது சிபியுவில் போய் நெருக்கடியை உண்டாக்குகிறோம். படத்தின் தரத்தில் டூரிங் தலைமுறை (என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக் கார்டுகள்) முதலான என்வென்க் வெரிஃபாஸ்ட்டைவிட என் கண்ணுக்கு நன்றாகவே இருக்கிறது. 12, 16 கோர் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறாக இருக்கலாம். எனக்கு அந்த அனுபவம் இல்லை.

அப்புறம் நான் செய்தது என்ன? சைபர்பங்க்கை 60க்குப் பூட்டினேன், அவ்வளவுதான். என்விடியா கன்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃப்ரேம் ரேட் என்று ஒன்று இருக்கிறது, அந்த ஒரு கேமுக்கு மட்டும் போடலாம். கேமுக்குள்ளேயே எல்லை வைக்கும் வசதி இருந்தால் அதுவே முதல் தேர்வு, இல்லையென்றால் இது, அல்லது ஃப்ரேம் எல்லை வைக்கும் தனி மென்பொருளான ரிவாட்யூனர். கார்டின் சுமை 99இலிருந்து 80ஐ ஒட்டி இறங்கியது, ரெண்டரிங் லேக் இரண்டு மணி நேர ஸ்ட்ரீமில் ஒன்றுகூட ஏறவில்லை.

எந்த எண்ணில் பூட்டுவது என்பதில் கொஞ்சம் பொறுமை வேண்டும். உங்கள் கேமில் கூட்டமும் வெடியும் அதிகமான இடத்துக்குப் போய் நில்லுங்கள், எல்லை இல்லாமல் அங்கே எவ்வளவு எஃப்பிஎஸ் வருகிறது என்று பாருங்கள், அதைவிட ஏழெட்டு குறைவாக வையுங்கள். வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடைக்கும் எண்ணை வைத்துப் பூட்டினால் சண்டை தொடங்கியதும் கார்டு மறுபடி 99க்குப் போய்விடும், பூட்டு இருந்தும் பயன் இல்லை. என் கணக்கில் கார்டில் 10 முதல் 15 சதவீதம் எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும். ஸ்ட்ரீம் 60 என்றால் கேமை 60 அல்லது 120இல் வைப்பது 144ஐவிட நல்லது. 144இலிருந்து 60ஐப் பொறுக்கும்போது இடைவெளி சீராக வராது, கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சிகளில் அது கண்ணில் படும். 60 எட்டவே எட்டாத கேம் என்றால் நிழல், பிரதிபலிப்பு செட்டிங்குகளை ஒரு படி இறக்குங்கள் அல்லது டிஎல்எஸ்எஸ் (சிறிய அளவில் வரைந்து பெரிதாக்கும் என்விடியா வசதி) போடுங்கள். ஸ்ட்ரீமில் 6000 கேபிபிஎஸ்ஸில் (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு) பார்ப்பவருக்கு அல்ட்ராவும் ஹையும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் தெரியும்.

ஃப்ரேமைக் குறைத்தால் கைக்கு மந்தமாக இருக்குமே என்ற பயம் எனக்கும் இருந்தது. கார்டு 99 சதவீதத்தில் நிற்கும்போது ஃப்ரேம்கள் வரிசையில் காத்திருக்கத் தொடங்கும், மௌஸை அசைத்ததற்கும் திரையில் தெரிவதற்கும் இடையே தாமதம் கூடும். எல்லை வைத்தால் அந்த வரிசை சேர்வதில்லை. எனக்குக் கை இன்னும் லேசானது போலத்தான் இருந்தது. போட்டி கேம்களில் 240 எஃப்பிஎஸ் பழகியவர்களை 60க்கு வரச்சொல்ல மாட்டேன், அவர்கள் 200இல் பூட்டினாலும் கார்டில் மிச்சம் இருந்தால் போதும். கோடையில் இன்னொரு லாபமும் தெரிந்தது: 3060 முழுச் சுமையில் 170 வாட் இழுக்கும், எல்லை வைத்த பிறகு அறையின் சூடும் குறைந்தது, ஃபேன் சத்தமும் மைக்கில் கேட்கும் அளவுக்கு இல்லை.

ஓபிஎஸ் பக்கத்தில் செய்த சிறு மாற்றங்களும் உண்டு. ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் விண்டோஸில் அதற்குக் கார்டில் முன்னுரிமை கேட்க முடியும். இது உதவுகிறது, ஆனால் இதை மட்டும் நம்பி எல்லை வைக்காமல் இருந்தபோது என் கணினியில் திக்கல் முழுதாகப் போகவில்லை. என்வென்க் செட்டிங்கில் வரும் லுக்-அஹெட், சைக்கோ விஷுவல் ட்யூனிங் இரண்டும் கார்டின் கூடா கோர்களைப் பயன்படுத்துபவை, அதாவது கேமின் பங்கிலிருந்து எடுப்பவை, கார்டு நெருக்கடியில் இருந்தால் முதலில் அவற்றை அணையுங்கள். பிரவுசர் சோர்ஸ்கள் (அலர்ட், சாட் பெட்டி போல இணையப் பக்கமாக ஓடுபவை) எத்தனை திறந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள், எனக்கு ஒன்பது இருந்தன, மூன்று போதுமாக இருந்தது. ட்விட்ச்சில் 6000 கேபிபிஎஸ்ஸில் வேகமான கேம் 1080பியில் கட்டம் கட்டமாக உடைகிறது என்றால் 1664க்கு 936 என்ற சற்றுச் சிறிய பட அளவை முயன்று பாருங்கள், இரண்டு எண்ணும் எட்டால் வகுபடுவதால் என்கோடருக்குச் சிக்கல் இல்லை.

இரண்டாவது பிசி பற்றி நேர்மையாகச் சொன்னால், நண்பரிடம் வாங்கி இரண்டு வார இறுதிகள் மட்டுமே ஓட்டினேன். பிரச்சினையை அது உண்மையிலேயே வேரோடு எடுக்கிறது, ஓபிஎஸ்ஸே வேறு கணினியில் இருப்பதால் கேம் 99 சதவீதம் எடுத்தாலும் கவலை இல்லை. ஆனால் கேம் கணினியின் படத்தை இதற்குள் வாங்கும் கேப்ச்சர் கார்டு, இன்னொரு மின்சாரச் செலவு, இரண்டு விண்டோஸ் அப்டேட், எல்லாவற்றையும்விட ஆடியோ. கேம் சத்தம், டிஸ்கார்ட் குரல், மைக் மூன்றையும் அந்தக் கணினிக்குக் கொண்டுபோய் உதட்டசைவோடு பொருத்துவதற்கு ஒரு முழு சனிக்கிழமை போனது. கேப்ச்சர் கார்டு வாங்காமல் என்டிஐ (நெட்வொர்க்கிலேயே வீடியோ அனுப்பும் முறை) வழியாக அனுப்பலாம் என்பார்கள், அதற்கு வழக்கமாகக் கேம் கணினியிலும் ஓபிஎஸ் ஓட வேண்டும் என்பதால் பழைய நெருக்கடி அங்கேயே இருக்கும்.

பழைய கார்டு ஒன்று சும்மா கிடக்கிறது, அதை இரண்டாவது ஸ்லாட்டில் செருகி என்கோடிங்குக்கு மட்டும் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குக் கடந்துபோக வேண்டும், படம் அடுக்கும் வேலையோ முதல் கார்டிலேயே நிற்கும். இன்டெல் சிபியுவின் உள்ளமைந்த கிராஃபிக்ஸில் வரும் க்விக்சிங்க் என்கோடருக்கும் இதே கதைதான் என்று நினைக்கிறேன், ஆனால் 5600இல் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது என்பதால் நான் ஓட்டிப் பார்த்துச் சொல்லவில்லை.

ஸ்ட்ரீமுக்காக இப்போது செகண்ட் ஹேண்ட் கார்டு தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2019இல் முதலில் வந்த ஜிடிஎக்ஸ் 1650இல் இருப்பது முந்தைய தலைமுறை என்வென்க், டூரிங் என்வென்க் அல்ல. 1650 சூப்பரிலும் 1660இலும் டூரிங் என்வென்க் இருக்கிறது. பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம், விற்பவர் அதைச் சொல்லமாட்டார், பெட்டியைப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள்.