செகண்ட் ஹேண்டில் பெரிய செடான் எடுக்கப் போகிறீர்களா? என் அனுபவத்தைப் படித்துவிட்டுப் போங்கள்

பெரிய செடானைப் புதிதாக எடுப்பதா, சில வருடம் ஓடியதை எடுப்பதா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் இரண்டு மாதம் யோசித்துத்தான் முடிவெடுத்தேன். அப்படியும் ஏமாந்தேன். எந்த இடத்தில் ஏமாந்தேன் என்று மறைக்காமல் சொன்னால் இன்னொருவராவது தப்பிப்பார்.

வீட்டில் ஐந்து பேர். பிள்ளைகள் இருவரும் என் உயரத்துக்கு வளர்ந்துவிட்டார்கள். அவர்களோடு பின்சீட்டில் அம்மாவும் உட்கார வேண்டும். மாதத்துக்கு இரண்டு தடவையாவது நீண்ட பயணம் உண்டு. கையில் இருந்த பணத்துக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, புதிதாக ஒரு நடுத்தர செடான், அதிலும் கீழ் வேரியன்ட். இன்னொன்று, ஐந்து வயதான பெரிய செடான். அதில் ஆறு சிலிண்டர் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர், பின்பக்கம் ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பலூன்), தோல் சீட் எல்லாம் இருந்தன. புதிதாக இருந்தபோது அந்த வண்டியின் விலையை நான் நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது. இப்போது அதில் பாதிக்கும் குறைவாகச் சொன்னார்கள்.

பெரிய செடான்கள் இப்படி மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. வாங்குகிறவர்கள் எஸ்யூவி பக்கம் போய்விட்டார்கள். ஃபோர்டு 2018-ல் வட அமெரிக்காவில் செடான்களைக் கைவிடப் போவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டே அங்கே டாரஸ் நின்றது. 2020-ல் செவ்ரோலே இம்பாலா, 2023-ல் கிரைஸ்லர் 300 என்று வரிசையாக நின்றுபோயின. கேட்பவர் குறைந்ததால் பழைய பெரிய செடானின் விலை சீக்கிரம் இறங்குகிறது. இந்த வகையில் செகண்ட் ஹேண்ட் எடுப்பது புத்திசாலித்தனம் என்று பலர் சொல்வதும் இதனால்தான். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் விலை இறங்குவது வண்டிக்கு மட்டும்தான், அதன் உதிரி பாகங்களுக்கு இல்லை. பாதி விலையில் வாங்கிய வண்டிக்குக் கம்ப்ரசர் போனால், முழு விலை கொடுத்து வாங்கியவர் கொடுக்கும் அதே காசைத்தான் நாமும் கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கை நான் போடவே இல்லை.

வண்டி இருந்தது பழைய கார் விற்கும் ஒரு பெரிய ஷோரூமில். பளபளவென்று வாசலிலேயே நிறுத்தியிருந்தார்கள். மீட்டர் 46,000 கிலோமீட்டர் காட்டியது. ஒரே ஓனர், சர்வீஸ் புத்தகம் முத்திரைகளோடு கச்சிதமாக இருந்தது. நான் போனபோது எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. "நீங்க வருவீங்கன்னு ஏசி போட்டு வெச்சேன் சார்" என்றார் விற்பனையாளர். அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். இந்தப் பதிவில் வேறெது மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்: சூடான எஞ்சினோடு காத்திருக்கும் வண்டியை அன்றைக்கு வாங்காதீர்கள். அவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்ததில் ஒன்றல்ல, இரண்டு பெரிய கோளாறுகள் என் கண்ணுக்குத் தெரியாமல் போயின.

எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று கேட்டேன். மறுக்கவில்லை. "தாராளமா காட்டுங்க சார். ஆனா சாயங்காலம் இன்னொருத்தர் அட்வான்ஸ் கொடுக்க வர்றார், வண்டியைப் பிடிச்சு வைக்க முடியாது" என்றார். கூடவே தங்கள் ஆட்கள் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களைப் பரிசோதித்ததாக ஒரு தாளை நீட்டினார். எல்லா இடத்திலும் டிக் அடித்திருந்தது. அவர்களே ஒரு வருட வாரன்டியும் தருவதாகச் சொன்னார்கள். கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை, மிதந்துகொண்டு போனது. மதியத்துக்குள் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் காலையில் ஸ்டார்ட் செய்தபோது எஞ்சினில் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று ஒரு சத்தம், அப்புறம் அடங்கிவிட்டது. மூன்றாம் நாள் பின்பக்கம் இடது மூலை சற்றுத் தாழ்ந்து நின்றது. ஸ்டார்ட் செய்ததும் அதுவாகவே மேலே எழும்பிக்கொண்டது. நான்காம் நாள் எஞ்சின் விளக்கு எரிந்தது.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். முதல் நாளே கூட்டிப்போயிருக்க வேண்டியவர் இவர்தான். ஸ்கேனரைப் போட்டதும் பி0016 என்று குறியீடு வந்தது. எஞ்சினின் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டும் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டும் ஒன்றுக்கொன்று இருக்க வேண்டிய நிலையில் இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். காலைச் சத்தத்தையும் இதையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, இந்த இரண்டையும் இணைக்கும் டைமிங் செயின் நீண்டிருக்கிறது, அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் தளர்ந்திருக்கிறது என்றார். இரவு முழுக்க நின்ற எஞ்சினில் ஆயில் கீழே இறங்கியிருக்கும். அழுத்தம் ஏறும்வரை தளர்ந்த செயின் அடித்துக்கொண்டு சத்தம் போடும். எஞ்சின் சூடாக இருந்தால் அந்தச் சத்தம் கேட்காது. ஏர் சஸ்பென்ஷன் கதையும் அப்படித்தான். பின்பக்கக் காற்றுப் பலூன் ஒன்றில் மெல்லிய கசிவு. இரவில் காற்று இறங்கிவிடும், ஸ்டார்ட் செய்தால் கம்ப்ரசர் மறுபடி நிரப்பிவிடும். நான் ஷோரூமுக்குப் போவதற்குள் அது நிரப்பி முடித்திருந்தது. கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடி ஓடி அந்தக் கம்ப்ரசரும் சாகும் நிலைக்கு வந்திருந்தது.

அப்படியானால் விளக்கு ஏன் முதல் நாளே எரியவில்லை? விற்பதற்கு முன் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள். ஆனால் அழித்ததற்கும் ஒரு தடயம் மிஞ்சும். குறியீட்டை அழித்தால், வண்டி தன் பாகங்களைத் தானே சோதித்துப் பார்த்து வைத்திருந்த கணக்கும் கூடவே அழிந்துபோகும். அந்தச் சோதனைகள் மறுபடி முடியச் சில நாள் ஓட்டம் தேவை. வாங்கும் அன்று ஒரு சாதாரண ஸ்கேனரைச் செருகிப் பார்த்தால்கூட, சோதனைகள் முடியவில்லை என்று வரிசையாகக் காட்டும். பல மாதமாக ஓடும் வண்டியில் அப்படிக் காட்டினால், பேட்டரியைக் கழற்றினார்களா, குறியீட்டை அழித்தார்களா என்று கேட்க வேண்டும். கையடக்க ஸ்கேனர் ஒன்றின் விலை, இந்த மாதிரி வண்டிக்கு ஒரு டயர் வாங்கும் காசுகூட ஆகாது.

அடுத்துத்தான் உண்மையான அடி விழுந்தது. ஆட்டோமேட்டிக் கியர் சூடானதும் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது லேசாக உதைத்தது. மெக்கானிக் கியர் பாக்ஸின் கட்டுப்பாட்டுக் கணினிக்குள் போய்ப் பார்த்தார். சில வண்டிகளில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டும் பதிவாவதில்லை. கியர் பாக்ஸ் கணினியிலும், சில சமயம் சாவியில்கூடப் பதிவாகும். என் வண்டியின் கியர் பாக்ஸில் இருந்த எண் 1,38,000. மீட்டரைத் திருப்பியவர்கள் அங்கே கை வைக்க மறந்திருக்கிறார்கள், அல்லது முடியாமல் விட்டிருக்கிறார்கள். டிஜிட்டல் மீட்டரைத் திருத்த முடியாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஸ்கேனர் செருகும் அதே சாக்கெட்டில் ஒரு கருவியைச் செருகிச் சில நிமிடத்தில் முடித்துவிடலாமாம்.

அதன் பிறகுதான் என் கண்ணுக்கு எல்லாம் தெரிந்தது. பிரேக் பெடலின் ரப்பர் ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. டிரைவர் சீட்டில் இறங்கும் பக்கத்து ஓரத் தோல் வெடித்து, அதன் மேல் சாயம் பூசியிருந்தார்கள். பிரேக் டிஸ்கின் விளிம்பில் விரலை வைத்தால் வரப்பு மாதிரி தட்டியது. 46,000 ஓடிய வண்டியில் இத்தனையும் சேர்ந்து இருக்காது. நான்கு டயரும் புதிதாக இருந்ததைப் பார்த்து அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன். டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும் (2319 என்றால் 2019-ன் 23-ஆம் வாரம்). என் வண்டியின் டயர்கள் விற்பனைக்கு வருவதற்குச் சற்று முன்புதான் தயாரானவை. பழைய டயரைப் பார்த்தே எவ்வளவு ஓடியது என்று கணக்குப் போட்டுவிடுவார்கள் என்பதாலும் மாற்றியிருக்கலாம் என்றார் மெக்கானிக். சர்வீஸ் புத்தகத்தில் எல்லா முத்திரையும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. அந்தப் புத்தகத்தை நம்பியதற்காக எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. ஏனென்றால் முத்திரை போட்ட சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் செய்திருந்தால் போதும். வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணைச் சொன்னதும் அவர்கள் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார்கள்: அந்தப் புத்தகத்தில் இருந்த கடைசி மூன்று சர்வீஸும் அங்கே நடக்கவே இல்லை.

கியர் பாக்ஸ் ஆயிலை யாரும் மாற்றவில்லை. வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று விற்பனையாளர் சொல்லியிருந்தார், பல கார் கம்பெனிகளும் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் ஏராளமான பெரிய செடான்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. செய்தவர் சொல்வதைத்தானே கேட்க வேண்டும்?

சரி, வாரன்டி இருக்கிறதே என்று ஷோரூமுக்குப் போனேன். தாளை அப்போதுதான் முழுதாகப் படித்தேன். டைமிங் செயின் தேய்மானப் பொருள், சேராது. ஏர் சஸ்பென்ஷன் சேராது. மின்னணுப் பாகங்கள் சேராது. கியர் பாக்ஸ் சேரும், ஆனால் கழற்றிப் பார்க்கும் செலவு என்னுடையது, அவர்கள் கொடுப்பதற்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. மீட்டர் விஷயத்தைக் கேட்டதும் விற்பனையாளரின் முகம் மாறியது. "எங்ககிட்ட வந்தப்பவே மீட்டர் அப்படித்தான் இருந்தது சார். நீங்க ஓட்டிப் பார்த்து, உள்ளது உள்ளபடி எடுத்துக்கிறேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்று அந்தத் தாளைக் காட்டினார். என் கையெழுத்துதான். அட்வான்ஸ் ரசீதோடு சேர்த்து வாங்கியிருக்கிறார்கள். வேண்டுமானால் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்றும் சொன்னார்கள். நான் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு குறைத்து. அதை நான் ஏற்கவில்லை.

செயின், டென்ஷனர், இரண்டு காற்றுப் பலூன், கம்ப்ரசர், கியர் பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும் எல்லாம் மாற்றியாகிவிட்டது. கியர் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. ஆன செலவு, இதே மாடலைப் புதிதாக எடுத்திருந்தால் கூடுதலாகக் கொடுத்திருக்க வேண்டிய தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நான் தவிர்த்த அந்தப் புது நடுத்தர வண்டியின் விலையை, வாங்கியதையும் செலவையும் கூட்டினால் எப்போதோ தாண்டிவிட்டேன்.

இதனால் பழைய பெரிய செடானே எடுக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். இப்போது என்னிடம் கேட்டால், கம்பெனி வாரன்டி இன்னும் ஒரு வருடமாவது பாக்கி இருக்கும் இரண்டு மூன்று வயது வண்டியைத் தேடச் சொல்வேன். விலை இறங்கும் பெரிய சரிவு அதற்குள் முடிந்திருக்கும், பெரிய கோளாறு வந்தால் தாங்க ஆள் இருக்கும். அந்த வாரன்டி உங்கள் பெயருக்கு மாறுமா என்று கம்பெனியிடமே எழுத்தில் கேளுங்கள், விற்பவரிடம் கேட்காதீர்கள். அதே அடையாள எண்ணைக் கொடுத்து, கம்பெனி வண்டியைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டிய பழுது (ரீகால்) எதுவும் பாக்கி இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகள் வெடித்துச் சிதறிய விவகாரத்தில் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். மாற்றப்படாத ஏர்பேக்கோடு கை மாறிய வண்டிகளும் உண்டு, உயிர்களும் போயிருக்கின்றன. வாரன்டி முடிந்த வண்டிதான் கைக்கு எட்டும் என்றால், அதன் விலையோடு பழுதுக்கென்று ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் புதிதாகச் சின்ன வண்டியே எடுங்கள். ஐந்து பேர் நெருக்கி உட்கார்ந்தாலும் நிம்மதியாகப் போய்ச் சேரலாம்.

புதிது எடுப்பவர்களுக்கும் ஒன்று. பெரிய செடான் மெதுவாக விற்பதால் மாதக்கணக்கில் யார்டில் வெயிலிலும் மழையிலும் நின்ற வண்டி உங்கள் தலையில் கட்டப்படலாம். பில் போடுவதற்கு முன்பே தயாரித்த மாதத்தையும் வருடத்தையும் பார்த்துவிடுங்கள். பழைய இருப்பு என்றால் அதற்கான தள்ளுபடியைக் கேட்டு வாங்குங்கள்.

போன வாரம் பழைய பதிவுத் தாளில் இருந்த பெயரை வைத்து முதல் ஓனரைத் தேடிப் பிடித்தேன். பேசத் தயங்குவார் என்று நினைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கே கோபம் வந்துவிட்டது. ஷோரூமில் வண்டியை விட்ட அன்று, பின்னால் எதுவும் பிரச்சினை வரக்கூடாது என்று மீட்டரைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தாராம், உடனே அனுப்பினார். தேதியோடு இருக்கிறது, எண் 1,36,400. நுகர்வோர் புகாரில் கியர் பாக்ஸ் அறிக்கையோடு அந்தப் படத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். தேவைப்பட்டால் நேரில் வந்து சொல்லவும் அவர் சம்மதித்திருக்கிறார்.