41 நாள் நின்ற காரின் பின் பிரேக்: வீட்டுக்கு வந்து சரிசெய்த ஒரு மெக்கானிக்கைப் பற்றி

திருவான்மியூர் கடற்கரைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத் துருவைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கம்பியையும் கேட்டின் கீலையும் அரிக்கும் உப்புக்காற்று, நிறுத்திவைத்த காரின் பிரேக்குக்குள்ளும் புகும் என்பது மட்டும் எனக்கு இத்தனை ஆண்டுகள் உறைக்காமல் போயிற்று. கடந்த ஐப்பசியில் மகள் வீட்டுக்குக் கோவை புறப்பட்ட அன்று காலை, வாட்ச்மேன் காரை நன்றாகக் கழுவி வைத்திருந்தார். ஈரம் காயும் முன்பே அதை உள்ளே தள்ளி நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை வழக்கத்தைவிட இறுக்கமாக இழுத்துவிட்டு ரயிலேறினேன். நடுவில் வடகிழக்குப் பருவமழை இரண்டு முறை வலுத்துப் பெய்தது. 41 நாள் கழித்துத் திரும்பி வந்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கி முதல் கியரில் கிளட்சை விட்டபோது, காரின் பின்பகுதி சற்று அமுங்கியதே தவிர வண்டி நகரவில்லை.

இந்த இடத்தில்தான் பலரும் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார்கள். முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் அப்படிச் செய்தால், இறுகிப்போன பின்சக்கரம் உருளாமல் தரையில் தேய்ந்தபடியே வரும். அல்லது சக்கரத்தோடு சுற்றும் இரும்புக் கூடான டிரம்மோடு ஒட்டிக்கொண்ட லைனர் என்ற உராய்வுப் பட்டை, அதைத் தாங்கி டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவிலிருந்து பிய்ந்து உள்ளேயே கிடக்கும். நான் ஒரே ஒருமுறை பின்கியர் போட்டு மெதுவாக முயன்று பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தேன். ஒரு பெரிய பணிமனையைத் தொலைபேசியில் கேட்டபோது, வண்டியைப் பாராமலே, தூக்கிச் செல்லும் லாரி வாடகை தனி, இருபுறமும் டிரம், ஷூ, கேபிள் எல்லாம் மாற்ற வேண்டியிருக்கும், 11,000 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி, கோயிலுக்குப் பின்புறத் தெருவில் ஒற்றை ஷட்டர் கடை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கை அழைத்தேன். கடைக்குப் பெயர்ப் பலகை இல்லை. வந்தவருக்கு வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். உதவிக்கு ஒரு பையன்.

வந்ததும் அவர் சுத்தியலை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, ஹேண்ட் பிரேக்கை இரண்டு முறை ஏற்றி இறக்கினார். கீழே இறக்கிய நிலையில் நெம்புகோல் தளர்ந்து ஆடியது. "லூசா ஆடுது பாருங்க சார். கேபிள் திரும்பி வரல. ஆனா அது மட்டும்தானான்னு இப்ப சொல்ல முடியாது" என்றார். பிறகு முன்சக்கரங்களுக்கு இருபுறமும் செங்கல் கொடுத்து, முதல் கியரில் போட்டு, பின்புறத்தை ஒவ்வொரு பக்கமாக ஜாக்கியில் ஏற்றினார். இடச்சக்கரம் லேசான உராய்வோடு சுற்றியது. வலச்சக்கரம் அசையவே இல்லை.

அடுத்து அவர் வேலை செய்த வரிசைதான் இந்த மதிப்புரையை எழுத வைத்தது. டிரம் பிரேக் உள்ள சக்கரம் பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும்: ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள் துருப்பிடித்து இழுத்த நிலையிலேயே நின்றிருக்கலாம், பிரேக் ஆயிலின் அழுத்தம், அது வரும் ஹோஸிலோ ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரிலோ அடைபட்டிருக்கலாம், அல்லது ஷூ டிரம்மோடு துருவால் ஒட்டியிருக்கலாம். மூன்றுக்கும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான். அவர் முதலில் இருக்கைகளுக்கு நடுவே உள்ள மூடியைக் கழற்றி, கேபிளை இறுக்கும் நட்டை முழுதாகத் தளர்த்தினார். சக்கரம் விடவில்லை. பின்னால் போய், டிரம்முக்குப் பின்புறத் தகடான பேக் பிளேட்டில், ஆயிலை வெளியே விடுவதற்கென உள்ள நிப்பிளை அரைச்சுற்றுத் திறந்தார். அழுத்தம் அடைபட்டிருந்தால் ஆயில் பீய்ச்சியடித்துச் சக்கரம் அப்போதே தளர்ந்திருக்கும். இங்கே இரண்டு சொட்டு கசிந்ததோடு சரி. ஆக, கேபிளில் கோளாறு இருப்பது உண்மை, ஆனால் சக்கரத்தைப் பிடித்துவைத்திருப்பது பெரும்பாலும் டிரம்முக்குள் ஒட்டிய ஷூவாகத்தான் இருக்கும் என்பது ஒரு பொருளைக்கூட மாற்றாமல் கால்மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

அதன் பிறகே சுத்தியல் வெளியே வந்தது. சக்கரத்தைக் கழற்றிய பின், டிரம்மின் முகப்பில், போல்ட்டுகளுக்கு இடைப்பட்ட பகுதியில் மட்டும் அடித்தார். விளிம்பில் அடித்தால் வார்ப்பிரும்பு சில்லு தெறிக்கும் என்பதால் பையனை அங்கே அடிக்க விடவில்லை. முதல் ஐந்தாறு அடிகளுக்கு மூடிய பானையைத் தட்டுவது போன்ற மந்தமான ஒலியே வந்தது. ஏழாவதோ எட்டாவதோ அடியில் அது சட்டென்று மணியோசை போல மாறியது. "விட்டுடுச்சு" என்று சொல்லி, டிரம்மைக் கையால் அரைச்சுற்றுத் திருப்பிக் காட்டினார்.

சுற்றுகிற டிரம் உடனே கழன்று வந்துவிடுவதில்லை. ஷூ தேய்க்காத உள்விளிம்பில் துரு மேடாக வளர்ந்து, வெளியே இழுக்கும்போது ஷூவை மாட்டிக்கொள்கிறது. பேக் பிளேட்டில் உள்ள ரப்பர் அடைப்பை நீக்கி, துளை வழியே ஸ்குரூ டிரைவரை விட்டு, ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரின் பல்சக்கரத்தைச் சில பற்கள் பின்னோக்கித் தள்ளினார். பிறகு, டிரம்மின் முகப்பில் மரையிட்ட இரண்டு துளைகளில் 8 மில்லிமீட்டர் போல்ட்டுகளைப் பூட்டி, மாறி மாறிக் கால்சுற்றாக இறுக்கினார். டிரம் நோகாமல் வெளியே வந்தது. அந்தத் துளைகள் எதற்காக இருக்கின்றன என்று பத்து ஆண்டுகளாக நான் யோசித்ததே இல்லை.

உள்ளே பார்த்தபோது, லைனர் அழுந்தியிருந்த இடம் அதே வடிவில் டிரம்மில் கறையாகப் பதிந்திருந்தது. சுற்றிலும் செம்பழுப்புப் பொடி. லைனர் 3 மில்லிமீட்டருக்கு மேல் மிச்சமிருந்தது. 1 மில்லிமீட்டருக்கு இறங்கினால்தான் கட்டாயம் மாற்ற வேண்டும். லைனர் ஷூவைவிட்டுப் பெயர்ந்திருக்கிறதா என்று ஓரத்தில் நெம்பிப் பார்த்தார், பெயரவில்லை. என் டிரம்மில் உச்ச விட்டம் 182 மில்லிமீட்டர் என்று பொறித்திருக்கிறது. புதிதில் அது 180. அளந்து பார்த்ததில் எல்லைக்குள்ளேயே இருந்தது. வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கி, உள்ளே ஆயில் கசிந்த ஈரம் இல்லை என்பதையும் காட்டினார். எனவே ஷூவும் மாற்றவில்லை, டிரம்மும் மாற்றவில்லை. உப்புத்தாளால் இரண்டையும் தேய்த்து, ஷூ உரசி நகரும் இடங்களில் மட்டும் வெப்பம் தாங்கும் கிரீஸைப் பொட்டுப் பொட்டாக வைத்தார். வலப்புறக் கேபிளின் உறை சக்கரத்துக்கு அருகே கிழிந்து, அதன் வழியே தண்ணீர் இறங்கியிருந்ததால் அதை மட்டும் புதிதாகப் போட்டார். அதே மழையில் நின்ற இடப்புறத்தையும் கழற்றித் துடைத்துப் பூட்டினார். அதற்குத் தனிக் கூலி கேட்கவில்லை.

நிப்பிளைத் திறந்ததால், ஆயில் குழாய்க்குள் புகுந்திருக்கக் கூடிய காற்றை எடுக்க வேண்டியிருந்தது. பிரேக் பெடலை மிதிக்க என்னை உட்கார வைத்து "மிதிங்க சார், மிதிங்க, பிடிங்க" என்று கீழிருந்து குரல் கொடுத்த அந்தப் பத்து நிமிடத்தில் என் முட்டிவலி எனக்கு நினைவுக்கு வந்தது, அவருக்கு வரவில்லை. கடைசியில் ஹேண்ட் பிரேக் ஐந்து கிளிக்கில் பிடிக்கும்படி வைத்து, என்னையே நான்கு கிலோமீட்டர் ஓட்டி வரச்சொல்லி, இரண்டு பின்சக்கரங்களின் நடுப்பகுதியையும் கையால் தொட்டு ஒப்பிட்டார். சூடு இருபுறமும் ஒரே அளவில் இருந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்னவர் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றேகால். ஜாக்கிக்குத் துணையாக ஸ்டாண்ட் எதுவும் கொண்டுவரவில்லை. கழற்றிய சக்கரத்தையே வண்டிக்கு அடியில் தள்ளி வைத்துக்கொண்டார், அது ஒன்றுமில்லாததற்கு மேல், அவ்வளவுதான். அந்தப் பையன் டிரம்மில் இருந்த பொடியை வாயால் ஊதினான். பழைய லைனர்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்திருக்கக் கூடும் என்பதால், பிரேக் பொடியை ஊதாமல் நனைத்துத் துடைப்பதே முறை. நான் சொன்ன பிறகே ஸ்ப்ரே கிளீனரை எடுத்தார்கள். சக்கர நட்டுகளை ஸ்பேனரில் ஏறி நின்று இறுக்கினார். என் காரின் கையேடு அவற்றுக்கு 85 நியூட்டன் மீட்டர் இறுக்கம் என்கிறது. அவர்கள் போன பிறகு என்னிடமிருந்த, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் எல்லாவற்றையும் தளர்த்தி மறுபடி இறுக்கினேன். ரசீதும் கேட்டால்தான் வரும், அதுவும் ஒரு துண்டுத்தாளில்.

அந்தத் துண்டுத்தாளில் இருந்தவை: வீட்டுக்கு வந்ததற்கு 300, கூலி 900, கேபிள் 780, ஆயிலும் கிளீனரும் 270, மொத்தம் 2,250 ரூபாய். மாற்றிய பழைய கேபிளை நான் கேட்காமலே கையில் கொடுத்து, கிழிந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். இதற்கு மேலும் கொடுத்திருப்பேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

பின்பக்கம் டிஸ்க் பிரேக்கும் பொத்தானால் இயங்கும் பார்க்கிங் பிரேக்கும் உள்ள கார்களை அவர் தொடுவதில்லை. காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனரால், பிரேக்கை இறுக்கும் மோட்டாரைப் பின்வாங்கச் செய்யாமல் அவற்றைப் பிரித்தால் வேறு செலவில் கொண்டுபோய் விடும் என்று அவரே சொல்லித் திருப்பி அனுப்புகிறார். என் காருக்கு அவர் சொன்ன யோசனை சுருக்கமானது: சமதரையில் பல நாள் நிறுத்துவதானால் ஹேண்ட் பிரேக் வேண்டாம், முதல் கியரும் சக்கரத்துக்கு இருபுறமும் செங்கலும் போதும், கழுவிய வண்டியை ஒரு சுற்று ஓட்டி, நாலு முறை பிரேக் மிதித்துக் காயவிட்டு நிறுத்த வேண்டும். சரிவில் நிறுத்துகிறவர்களுக்கு இது பொருந்தாது.

காலையில் கூப்பிட்டால் மாலைக்குள் வருவார் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஞாயிறு கடை இல்லை. ஜிபே வாங்குகிறார்.